பிறர் துயரைச் செதுக்கலாமா?

பிறர் பட்ட துயரத்தைப் படமாக்கி, அப்படத்தைப் பல பிரதிகளாக அச்சிட்டு, விலை குறித்து வெளியே அனுப்புவது அறமாகுமா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் கலைவாணரல்லர். தத்துவ நூல் கற்றவருமல்லர். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்குமேல் கொழுந்து கிள்ளி ஓய்ந்து, இப்பொழுது எண்பத்தெட்டாம் வயதில் மகன் வீட்டில் இருந்துவரும் என் பெரியம்மாவே அவர். அவர் கேட்டது மேலே கண்ட சொற்களில் அன்று. கேட்ட விதத்தைச் சொன்னால்தான் கேள்வியின் கூர்மை விளங்கும்.

பெரியம்மாவின் பேத்தி, எனக்கு மகள் முறையாகவேண்டியவள், கோலாலம்பூரில் சித்திரக்கலை பயில்கிறாள். விடுமுறைக்கு மலையேறி வந்தபொழுது துணிமணிகளைக் காட்டிலும் பலகைகளும் உளிகளும் மைக்குழம்பும் உருளையுமே அவள் பெட்டியில் மிகுதியாக இருந்தன. மரத்தில் செதுக்கி, மேட்டில் மை தடவி, தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுச் சித்திரமே அவள் எடுத்துக்கொண்ட பாடம். அதன் இறுதித் தேர்வுக்குச் சயாம் மரண ரயிலைப் பொருளாகக் கொண்டிருந்தாள். அவள் வேறெங்கும் போய்ப் பொருள் தேடவில்லை. பெரியம்மாவின் தந்தையும் எனக்குத் தாய்வழிப் பாட்டனாருமான அவர், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். 1943-ஆம் ஆண்டில், ஜப்பானியர் ஆட்சியின்கீழ், மூன்று மாத வேலை என்றும் நல்ல கூலி என்றும் சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவரே. அப்பொழுது பெரியம்மாவுக்கு வயது ஆறு; என் தாயாருக்கு மூன்று. அவருடைய புகைப்படம் ஒன்றுமில்லை, கடிதமில்லை, இறந்த நாள் இன்னதென்பதுமில்லை.

பேத்தி பென்சிலால் ஒரு படம் வரைந்து காட்டினாள். விலாவெலும்பு தெரியும் ஒரு மனிதர், தோளில் தண்டவாளக் கட்டை, குழிந்த கண்கள். வரைந்த கை தேர்ந்த கை என்பதில் எனக்கு ஐயமில்லை.

“இது யாரு?” என்றார் பெரியம்மா.

“உங்கப்பா, பாட்டி. என் பூட்டன்.”

“எங்கப்பன் மூஞ்சி எனக்கே ஞாபகமில்லை. ஒனக்கு யாரு காட்டுனா?”

பேத்தி விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துப் பெரியம்மாவே, “இதை விப்பியா?” என்றார். காட்சியில் வைப்பார்கள், யாரேனும் கேட்டால் விற்கலாம் என்று அவள் மெல்லச் சொன்னாள். பெரியம்மா தாளைக் குப்புறக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவ்வளவே.

வாசகர்களில் சிலர் இதனை ஒரு மூதாட்டியின் பிடிவாதமென்று எண்ணக்கூடும். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். படிப்பறிவில்லாதார் கலையை எவ்வாறு அறிவர் என்று, படித்த நம்மவர்க்கே உரிய செருக்கோடு என் மனம் ஒரு கணம் நினைத்ததையும் மறைக்கமாட்டேன். ஆயின் இரவு படுத்தபின் அக்கேள்வி என்னை விடவில்லை. காணாத முகத்தை வரைந்து, ‘இவர் இன்னார்’ என்று பெயர் சூட்ட நமக்கு உரிமை தந்தவர் யார்?

முதலில், நினைவுகூர வேண்டுமா என்பதையே ஐயுறுவார்க்கு விடை கூறிவிடுவோம். சயாமில் பான்போங் தொடங்கிப் பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதை 1942-இல் தொடங்கப்பெற்று, 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனையும் கூடியது. அதில் உழைத்து மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். மலாயாத் தமிழரும், பர்மியரும், ஜாவானியரும், பிறருமாகிய ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 அளவில் இருக்குமென்பது ஆராய்ந்தோர் மதிப்பு. துல்லியமான கணக்கு எவரிடமும் இல்லை, எண்ணி எழுதி வைக்க அவர்களுக்கு எவரும் இல்லாமையால். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை பிசகாமல் பேணப்படுகின்றன. அது நன்றே, அவர்களும் மனிதரே. நம்மவரில் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றேனும் இல்லை. 1957-இல் வெளிவந்து உலகமெங்கும் ஓடிய ‘குவாய் நதிப் பாலம்’ என்ற திரைப்படம் வெள்ளைக் கைதிகளின் கதை. அதில் தோட்டத்துத் தமிழன் கதை இல்லை. பின்னாளில் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களான ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதனை நாவலாக எழுதினர். சித்திரத்தில் நாம் பெரும்பாலும் வாளாவிருந்தோம். மறதியே மருந்தென்பார் இருக்கிறார்கள். யாருடைய துயரம் மறக்கப்படுகிறது, யாருடையது கல்லில் எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தால் அம்மருந்தை ஏழைக்கு மட்டும் ஊட்டுகிறார்கள் என்பது விளங்கும். ஆகவே நினைவுகூரவேண்டும். யார், எவ்வாறு என்பதே வினா.

இவ்வினாவைத் தன் வாழ்நாளெல்லாம் சுமந்த ஒரு மாதரசி ஜெர்மனியில் இருந்தார். கேத்தே கோல்விட்ஸ் என்பது அவர் பெயர், 1867-இல் பிறந்தவர். கணவர் பெர்லினில் ஏழைத் தொழிலாளர் பகுதியில் மருத்துவர். அம்மையார் எண்ணெய் வண்ணத்தை விரும்பாது, செப்புத்தகட்டிலும் கல்லிலும் பின்னர் மரத்திலும் அச்சுச் சித்திரமே செய்தார். அச்சுச் சித்திரம் ஒன்று பலவாகும். அரண்மனைச் சுவரில் ஒன்றாகத் தொங்கும் வண்ணப்படம் போலன்றி, ஏழையின் கைக்கும் எட்டும். 1844-இல் சைலேசிய நெசவாளர் பட்டினி பொறாது கிளர்ந்தெழுந்த வரலாற்றை அவர் ஆறு படங்களாகச் செய்து 1898-இல் காட்சிக்கு வைத்தபொழுது, நடுவர்கள் பொற்பதக்கம் பரிந்துரைத்தனர். கைசர் வில்லியம் அதனைக் கொடுக்க மறுத்தான். ஒரு பெண் செய்த, அதுவும் நெசவாளரைப் பற்றிய படத்துக்குப் பதக்கமா!

இந்த அம்மையார் தம்மைப்பற்றிப் பின்னாளில் எழுதிவைத்த ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. தொழிலாளரை வரையத் தொடங்கியது இரக்கத்தால் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மையார் அதனை ஒப்பவில்லை. அவர்களுடைய உடலும் அசைவும் தமக்கு அழகாகத் தோன்றியதே முதற் காரணம், பெரிய வீட்டு மனிதரிடம் அவ்வழகைக் காணவில்லை, துன்பத்தின் ஆழம் பின்னரே விளங்கிற்று என்றார். எத்தனை பேர் இவ்வளவு நேர்மையாகச் சொல்வர்? ‘ஏழைக்காகவே எழுதுகிறேன்’ என்று மார்தட்டும் நம் எழுத்தாளர் பலர்க்கு இது ஒரு பாடம். எனினும் இவ்வொப்புதல் கேள்வியைத் தீர்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. அழகுக்காகப் பிறர் பசியை எடுத்துக்கொள்ளலாமா?

1919 ஜனவரி 15-ஆம் நாள் கார்ல் லீப்னெக்ட் பெர்லினில் கொலையுண்டார். அவருடைய குடும்பத்தார் வேண்டியதன்பேரில் கோல்விட்ஸ் பிணவறைக்குச் சென்று அவர் முகத்தை வரைந்தார். பிறகு அப்பொருளைச் செப்பில் முயன்றார், கல்லில் முயன்றார், நிறைவு கொள்ளாது இறுதியில் மரத்தில் செதுக்கி, இருப்போர் இறந்தவர்க்குச் செலுத்தும் அஞ்சலியாக வெளியிட்டார். அம்மையார் லீப்னெக்டின் அரசியலை ஏற்றவரல்லர். ‘நம் கட்சியில் இல்லாத நீ எங்கள் தலைவனைப் படமாக்குவதா?’ என்ற முணுமுணுப்புக்கு விடையாகத் தம் நாட்குறிப்பில், எதனினின்றும் அதன் உணர்வுச் சாரத்தை எடுத்துக்கொள்ளக் கலைஞர்க்கு உரிமையுண்டு என்று வாதாடினார். அம்மையாரிடம் எனக்குள்ள மதிப்புப் பெரிது. ஆயினும் இவ்வாதத்தை யான் ஏற்கவில்லை. ‘எனக்குத் திறமை உண்டு, ஆகையால் உரிமையும் உண்டு’ என்பது நிலக்கிழாரும் தோட்டத் துரைமாரும் சொன்ன நியாயம் அன்றோ? லீப்னெக்ட் படத்தை நியாயப்படுத்துவது அம்மையார் சொன்ன காரணமன்று; அவரை வரைந்து தருமாறு அக்குடும்பம் கேட்டது என்பதே. அழைத்தார்கள், சென்றார்.

இவ்வளவும் பிறர் துயரம். அம்மையார்க்குச் சொந்தத் துயரமும் வந்தது. 1914-இல் போர் மூண்டபொழுது இளைய மகன் பீட்டர் தானாகப் பட்டாளத்தில் சேர விரும்பினான். வயது பதினெட்டு, தந்தையின் ஒப்புதல் வேண்டும். தந்தை மறுத்தார். தாய்தான் மகனுக்காகப் பரிந்து பேசிக் கணவரை இணங்கச் செய்தார். அக்டோபர் 22-ஆம் நாள் பெல்ஜியத்தில் பையன் இறந்தான். பின்னர் 1923-இல் வெளியான ‘போர்’ என்னும் ஏழு மரச்செதுக்குகளில் முதலாவது, பிறந்த குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி நீட்டும் ஒரு தாய். அதனைக் காண்போர் கைசரையும் போரையும் நோவார்கள். செதுக்கியவரோ தம்மையே நொந்திருக்கிறார். குண்டு இல்லை, இரத்தம் இல்லை. கொடுக்கின்ற கைகள் மட்டுமே. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் அவர் பிரஷ்யக் கலைக்கழகத்தை விட்டு விலக்கப்பட்டார். 1942-இல் பீட்டர் என்ற அதே பெயருள்ள பேரனையும் போரில் பறிகொடுத்து, 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களுக்கு முன் இறந்தார்.

அந்தப் படம் சீனாவுக்குப் போன கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. 1931 பிப்ரவரியில் ஷாங்காயில் ரோஷி என்ற இளம் எழுத்தாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாய் கிராமத்தில் இருந்தார். கண் பார்வை இழந்தவர். மகன் இறந்தது அத்தாய்க்குத் தெரியாது. நண்பராகிய லூ ஷுன் வெளிப்படையாக இரங்கல் எழுதினால் அரசு விடாது என்பதை அறிந்து, கோல்விட்ஸின் அந்தத் தாய்ப் படத்தை ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அதே ஆண்டு இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சியும் நடத்துவித்தார். அக்கலை சீனத் தொழிலாளரோடும் பத்திரிகையாளரோடும் தெற்கே வந்து, 1930-களிலேயே சிங்கப்பூர்ச் சீனப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. நம் மலாயாவுக்கு அது வந்த வழிகளுள் இஃதொன்று. ஜெர்மானியத் தாய் ஒருத்தி தன் குற்றவுணர்வைச் செதுக்கியது, சீனத் தாய் ஒருத்தியின் இழவுக்கு உதவிற்று. ஆனால் அந்தச் சீனத் தாய் அப்படத்தைப் பார்த்ததில்லை, பார்க்கவும் இயலாது. அப்படியாயின் படம் யாருக்கு? அழுதவர்க்கா, அழாதவர்க்கா?

அழாதவர்க்கே என்பது என் துணிபு. துயருற்றவர்க்குத் தம் துயரை நினைவூட்டப் படம் வேண்டுவதில்லை. பெரியம்மா எண்பது ஆண்டுகளாக எந்தப் படமுமின்றியே லாரியின் ஓசையை நினைவில் வைத்திருக்கிறார். படம், அறியாதவரை அறியச் செய்வதற்கு. அறியாதவன் கண்ணுக்காகச் செய்யப்படுவதால்தான், அவன் விரும்பியவாறு அதனை அழகாக்கும் சோதனை கலைஞனுக்கு வந்துவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி யான் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல், கேமரன் மலையில் காட்டை அழித்தவர்களும் கன்று நட்டவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் பெரும்பாலும் தமிழரே. இன்று மலையில் எங்கு நோக்கினும் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படம்: சுவரில், சாவிக் கொத்தில், பைகளில். பச்சை மலை, சிவந்த சேலை, சிரித்த முகம். ‘பாரம்பரியம்’ என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். உண்மையில் இப்பொழுது சரிவுகளில் இலை வெட்டுவோரில் மிகப் பலர் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும். கையில் கூடையன்று, கத்தரியும் இயந்திரமும். பெரியம்மாவின் முழங்கால் வலியும், அட்டைக் கடியும், நிறுவையில் குறைத்து எழுதிய கிராணியும் அந்தச் சாவிக் கொத்தில் இல்லை. உழைத்தவர் போன பிறகு உழைப்பின் படம் மட்டும் விலையாகிறது. வந்து உழைப்பவரோ படத்திலும் இல்லை. பாரம்பரியமென்று யாரேனும் சொல்லக் கேட்டால், அச்சொல்லால் யாருக்கு வருமானம் என்று விசாரித்துக்கொள்வது நம்மவர்க்கு நல்லது.

எலும்பு தெரியும் மனிதரின் படமும், சிரிக்கும் பெண்ணின் படமும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டும் ‘தொழிலாளி’ என்று ஒரு பொது உருவை வைத்துக்கொண்டு, குறித்த ஒருவரின் இடத்தில் அதனை நிறுத்துகின்றன. பேத்தி வரைந்தது யாரை? கைதிகளின் பழைய புகைப்படங்களைப் பார்த்தே வரைந்ததாக அவளே பின்னர் சொன்னாள். அதாவது, ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரின் விலாவெலும்பின்மேல் எங்கள் பாட்டனாரின் பெயரை எழுதியிருக்கிறாள். கேட்ட எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. பெரியம்மா அதை அறியாமலே அறிந்திருந்தார்.

அவ்வமயம் அவளுக்கு யான் எடுத்துக் கூறியது ஜரீனாவின் கதை. 1937-இல் அலிகாரில் பிறந்து, கணிதம் பயின்று, அதன்பின் பாங்காக்கிலும் பாரிஸிலும் தோக்கியோவிலும் வாழ்ந்து, அச்சுக்கலையைக் கற்று, நியூயார்க்கில் குடியேறி, 2020-இல் லண்டனில் இறந்த இவ்வம்மையார், தம் முதற்பெயரொன்றையே கலையுலகில் வைத்துக்கொண்டவர். தந்தையார் அலிகார்ப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நாடு பிளவுண்ட 1947-இல் இவருக்கு வயது பத்து. 1959-இல் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் வெட்டுண்ட அந்நிகழ்ச்சியைப் பற்றி வாழ்நாளெல்லாம் வேலை செய்தும், ஒரு பிணத்தையேனும் ஓர் அழுத முகத்தையேனும் அவர் செதுக்கவில்லை. 1994-இல் தந்தையின் வீட்டைத் தரைப்படமாகச் செய்தார்: எந்த அறை எங்கே, எந்த வாசல் எங்கே. 1999-இல் முப்பத்தாறு மரச்செதுக்குகள். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல், வீடு, வாயிற்படி, கதவு, எல்லை என்று, அச்சொல்லுக்குரிய சில கோடுகளோடு. தமக்கை அனுப்பாமலே எழுதி வைத்திருந்த கடிதங்களை 2004-இல் அச்சாக்கி, அவற்றின்மேல் வீட்டின் தரைப்படத்தையும் ஊரின் வரைபடத்தையும் பதித்தார். உருது அறியாதவர்க்கு அக்கடிதம் வெறுங்கோடு. துயரத்தைக் காட்டினார், படிக்க விடவில்லை.

அவர் செய்தவற்றுள் 2001-இல் வந்த ‘பிரிக்கும் கோடு’ என்னும் மரச்செதுக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடைப்பட்ட எல்லையே அதில் உள்ளது, வேறொன்றுமில்லை. மரச்செதுக்கின் இயல்பு யாதெனில், செதுக்கி எறிந்த இடம் வெண்மையாகும். கத்தி தொடாத இடமே மையேற்றுக் கறுக்கும். ஆகவே கறுப்புக் கோடொன்று வேண்டின், கோட்டைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் வெட்டியெறிய வேண்டும். அம்மையார் அவ்வாறே செய்தார். இரு பக்கத்து நிலமும் உளிக்கு இரையாக, எல்லை மட்டும் மிஞ்சிற்று. உளித்தடங்கள் ஆங்காங்கே சிறு சிதறல்களாக நிற்கின்றன. செய்தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது. மேற்கொண்டு அழுகுரல் வேண்டியதில்லை. 2003-இல் சாராயேவோ, ஸ்ரெப்ரெனிட்சா, பாக்தாத், அகமதாபாத் முதலாக வன்செயலுக்கிரையான ஒன்பது நகரங்களைச் செதுக்கியபொழுதும் தெருக்களும் கோடுகளுமே, மனிதர் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவேண்டும். ஜரீனா செய்தது தம் வீட்டை. அகமதாபாத் அவர் வீடன்றே? அவருடைய அமைதியான வெண்தாளும் கறுங்கோடும் அருங்காட்சியகங்களில் பெருமதிப்போடு தொங்குகின்றன. வெட்டுண்டவர் வீட்டார் அங்கே நுழைவதுண்டா? மேலும், பலர்க்கும் கிடைக்கவேண்டும் என்று பிறந்த அச்சுக்கலை இப்பொழுது ‘இருபதில் மூன்றாவது’ என்று பென்சிலால் எண்ணிட்டுத் தன்னைத்தானே அரிதாக்கிக்கொள்கிறது. ஆயிரம் எடுக்கக்கூடிய பலகையிலிருந்து இருபது மட்டும் எடுத்து, மிஞ்சாதபடி பலகையைக் கீறிவிடும் வழக்கமும் உண்டு. இது விலையைக் காப்பதற்கன்றி வேறெதற்கு? இம்மறுப்பின் பின்பகுதிக்கு என்னிடம் விடையில்லை. அது நியாயமான குற்றச்சாட்டே. இதற்கு மாறாகச் சபாவில் ரானாவில் 2010-இல் தோன்றிய பங்ரோக் சூலாப் என்ற குழுவினர், ஆணும் பெண்ணுமாகப் பெரும் பலகை செதுக்கி, துணியை விரித்து, இசைக்கேற்பக் கூட்டமாக அதன்மேல் மிதித்தாடி அச்செடுக்கிறார்கள். யந்திரமில்லை, கையொப்பமிடும் தனியொருவர் இல்லை. அவர்களுடைய சபா நாட்டுப் படமொன்று 2017-இல் கோலாலம்பூர்க் காட்சியினின்று இறக்கப்பட்டது. இறக்கவேண்டிய அளவுக்கு அது எவரையோ தைத்திருக்கிறது என்பது அதற்குப் பெருமை.

முன்பகுதிக்கு வருவோம். பட்டவரே பேசவேண்டும், மற்றவர் வாய்மூடவேண்டும் என்பது கேட்பதற்கு நேர்மையாக ஒலிக்கும் கொள்கை. ஆயின் மாண்டவர் பேசார். 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தம் சாவைத் தாமே வரைய முடியாது. பட்டவர் மட்டுமே பேசலாமென்றால், முழுவதும் அழிக்கப்பட்டவர்களைப் பற்றி என்றைக்கும் பேச்சே இல்லை. அழித்தவனுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆகவே பிறப்பாலோ இரத்தத்தாலோ உரிமை வருவதென்பதை யான் ஒப்பேன். என் பாட்டனார் என்பதனால் எனக்கு உரிமை தானாக வந்துவிட்டதாகவும் கருதேன். பேத்தி பிழைசெய்ததும் அந்த எண்ணத்தால்தானே? திறமையாலும் வராது; கோல்விட்ஸ் அம்மையாரின் வாதத்தை மேலே மறுத்தாயிற்று. பின் எதனால் வரும்? திருத்தப்படுவதற்கு இணங்குவதால் வரும் என்று தோன்றுகிறது. ‘இது அவரல்ல’ என்று சொல்லக்கூடிய ஒருவர் உயிரோடிருந்தால், அவர்முன் படத்தை வைக்கும் துணிவும், அவர் மறுத்தால் பலகையைத் தூக்கியெறியும் மனமும் வேண்டும். அப்படியொருவர் எஞ்சவில்லையானால், தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்பாத அடக்கமேனும் வேண்டும். ஜரீனா அகமதாபாத்துக்கு முகம் வைக்காமல் விட்டதை இதனாலேயே மதிக்கிறேன்.

இதனை ஒரு சட்டமாகச் சொல்லவில்லை. திருத்துபவரும் தவறலாம், வீட்டுப் பெரியவர் குடும்ப மானம் கருதி உண்மையை மறைக்கச் சொல்லலாம், தோட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டுப் பல உண்டு. அங்கே கீழ்ப்படியவேண்டும் என்பதன்று என் கருத்து. கேட்கவேண்டும் என்பதே.

பேத்தி அந்த மனிதர் படத்தைக் கைவிட்டாள். சில நாட்கள் பெரியம்மாவின் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள், “பாட்டி, அந்த லயத்து வீடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். முகத்தை மறந்த பெரியம்மாவுக்கு வீடு மறக்கவில்லை. ஓர் அறை, முன்னே ஒடுங்கிய தாழ்வாரம், அடுப்பு மூலையில், அப்பன் படுக்கும் சாக்கு வாசலையொட்டி, விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து போகும்பொழுது பிள்ளைகளை மிதிக்காமலிருக்க. அவள் விரலால் மேசையில் கோடிழுத்துக் காட்டியதை இவள் தாளில் குறித்துக்கொண்டாள். பலகையில் தரைப்படமாகச் செதுக்கினாள். சாக்கு விரித்த இடத்தை மட்டும் செதுக்காமல் விட்டாள். அச்சில் அது கறுத்த நீள்சதுரமாக வந்தது.

முதற் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரியம்மா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது எங்க வூடு இல்லை. அடுப்பு அந்தப் பக்கமில்லே இருந்துச்சு” என்றார்.

மரச்செதுக்கில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி அச்சாகும். ஆகவே பலகையில் மாற்றி வரையவேண்டும். இது அக்கலையின் முதற் பாடம்; அவள் அறியாததன்று. எழுத்தும் இல்லாத, முகமும் இல்லாத வெறுந் தரைப்படந்தானே, பக்கம் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாளாம். சொல்லும்பொழுதே அவளுக்குக் கண் கலங்கிற்று. பன்னிரண்டு நாள் வேலையை ஒதுக்கிவைத்து, புதுப் பலகை எடுத்து, மறுபடி செதுக்கினாள். விடுமுறை முடிந்து கோலாலம்பூருக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்திய இரவு அது முடிந்தது. கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்து நாங்களெல்லாருமாக அச்செடுத்தோம். என் கைக்கு இன்னும் வலி போகவில்லை.

“இப்பச் சரி” என்றார் பெரியம்மா. கறுத்த சதுரத்தின்மேல் விரலை வைத்தார். மை காயவில்லை என்று பேத்தி தடுக்கவில்லை. அந்தப் பிரதியில் அவருடைய விரல் தடம் விழுந்துவிட்டது.

“எத்தனை போட்டிருக்கே?”

“இருபது, பாட்டி.”

“எல்லாத்தையும் வித்துடாதே. ஒன்னு கீழே, அந்தத் தோட்டத்துக்குக் கொடு. ஆபீசிலே மாட்டட்டும்.”

அத்தோட்டம் இப்பொழுது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, லயங்களை இடித்து, ஆட்களைப் பட்டணத்து ஓரங்களுக்கு அனுப்பி நெடுங்காலமாயிற்று. அதை அவரிடம் சொல்ல எங்களில் எவரும் வாய்திறக்கவில்லை. இருபதாம் பிரதியைப் பேத்தி என்னிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறாள். அந்த நிலத்தில் இருந்தவர்கள் இப்பொழுது எந்த எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.